எங்கள் விளையாட்டு நிலத்தில் எந்தக் கல்லை நடுவது?

கதை முடிவாகிவிட்டது. நிலவரைபடமும் ஏறத்தாழத் தயார்: மேற்கே குன்றுகள், நடுவில் மேய்ச்சல் காடு, கிழக்கே ஆறு கடலைத் தொடும் முகத்துவாரம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் கூடி ஒரு மாயலோக வீடியோ கேம் செய்துகொண்டிருக்கும் நான்கு பேர் நாங்கள். என் பங்கு நிலம். மண், பாறை, மரம், வெளிச்சம் எல்லாம் என் கையில். சில மாதங்களாக ஒரே கேள்வியில் என் வேலை நிற்கிறது. அந்த நிலத்தில் பழங்காலத்தவர் நட்டுவிட்டுப் போன கற்கள் நிற்க வேண்டும். எந்த ஊர்க் கற்களைப் பார்த்து அவற்றைச் செய்வது?

கல் வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஒரு வசனமும் இல்லாமல் ‘உனக்கு முன்பே இங்கே ஆள் இருந்தார்கள்’ என்று ஒரு நெடுங்கல் சொல்லிவிடும். வழி தவறியவருக்குத் தூரத்து அடையாளமாகவும் நிற்கும். மேற்கத்திய ஃபேன்டசி கேம்கள் கல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். 2011இல் வந்த ஸ்கைரிமில் 13 நெடுங்கற்கள் உண்டு. ஒன்றைத் தொட்டால் ஒரு வரம் கிடைக்கும். அதை ஆடி வளர்ந்தவர்களுக்குக் கல் என்றாலே சக்தி கொடுக்கும் இடம் என்று பழகிவிட்டது. நான் வேறு அளவுகோல் வைத்துக்கொண்டேன். இந்தக் கல்லின் முன்னால் வந்து நிற்கும் ஆட்டக்காரர் என்ன செய்வார்? பார்ப்பாரா, நடப்பாரா, தோண்டுவாரா, படிப்பாரா? கண்ணுக்கு அழகாக இருப்பது மட்டும் போதாது என்று பட்டது.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது ஸ்டோன்ஹெஞ்ச்தான். இங்கிலாந்தின் சால்ஸ்பரி சமவெளியில் கி.மு. 3000 வாக்கில் வட்டமாக அகழி வெட்டினார்கள். சுமார் 500 ஆண்டு கழித்து சார்சன் என்னும் பெரிய மணற்பாறைகளை நிறுத்தினார்கள். ஒரு கல் சராசரியாக 25 டன். தச்சர் மரத்தில் செய்வதுபோல் கல்லில் முளையும் துளையும் செதுக்கிக் குறுக்குக் கல்லைப் பூட்டியிருக்கிறார்கள். என்னை அதிகம் ஈர்த்தது கற்கள் வந்த வழி. சார்சன்கள் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தவை. அவற்றைவிடச் சிறிய நீலக்கற்கள் வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தன. நடுவில் விழுந்து கிடக்கும் ‘பலிபீடக் கல்’ ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, 700 கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வட்டத்துக்குள் ஒரு தீவு முழுவதன் வரைபடம் இருக்கிறது. கேம் செய்பவருக்கு இதைவிட நல்ல விதை கிடைப்பது அரிது.

ஆனாலும் ஒதுக்கினேன். எல்லோரும் செய்துவிட்டார்கள் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் சூரியன். ஸ்டோன்ஹெஞ்ச் கோடையின் மிக நீண்ட நாளின் உதயத்தையும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளின் அஸ்தமனத்தையும் நோக்கி நிற்கிறது. அந்த ஊரில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே போய், ஒருநாள் திரும்புகிறது என்பது அந்த மக்களுக்கு உயிர் திரும்புவது மாதிரி. சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 9 நிமிடம். பள்ளிக்கூடம் போன காலம் முதல் ஏழு மணி வாக்கில் விடிவதையும் ஏழு மணி தாண்டி இருட்டுவதையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். கதிர் திரும்பும் நாளை மையமாக வைத்து ஒரு கேம் செய்தால், அந்த ஏக்கம் எனக்குள் இல்லாமலே அதைச் செய்வதாக இருக்கும். ஆடுபவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

அதே வட்டாரத்து ஏவ்பரியை விட மனம் வரவில்லை. உலகிலேயே பெரிய கல்வட்டம் அது. குறுக்களவு 300 மீட்டரைத் தாண்டும். அதற்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கிறது. சாலை ஓடுகிறது, வீடுகள் நிற்கின்றன, ஆடு மேய்கிறது. இடைக்காலத்தில் சில கற்களைக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். 1930களில் அவற்றில் பலவற்றை மறுபடி எடுத்து நிறுத்தினார்கள். கல்லை வேலி போட்டுப் பிரிக்காமல் அதனோடு குடியிருப்பது என்ற எண்ணத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

காலனிஷ் என்னை இரண்டு வாரம் பிடித்து வைத்தது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஏறத்தாழ 5000 ஆண்டுக்கு முன் நட்ட கற்கள். 13 கல் கொண்ட சின்ன வட்டம், நடுவில் 4.8 மீட்டர் உயரக் கல், அங்கிருந்து நான்கு பக்கமும் ஓடும் வரிசைகள். பூமியின் மிகப் பழைய பாறை வகைகளில் ஒன்றான வரிவரியான நைஸ் பாறையைச் செதுக்காமல் அப்படியே நட்டிருக்கிறார்கள். ஆகவே இரண்டு கல் ஒன்றுபோல் இருக்காது. 18.6 ஆண்டுக்கு ஒருமுறை நிலவு தெற்கே மிகவும் தாழ்ந்து அடிவானத்து மலைகளை உரசிக்கொண்டு போகும். அந்தக் காட்சியோடு இந்த இடத்தைச் சேர்த்துப் பேசுவார்கள். நான் குறிப்பேட்டில் பெரிதாக எழுதி வைத்தது வேறு. காலப்போக்கில் சதுப்புக் கரி மண் வளர்ந்து கற்களைப் பாதிவரை மூடிவிட்டது. 1857இல் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டி எடுத்த பிறகே அவற்றின் முழு உயரம் தெரிந்தது. முழங்கால் உயரக் கல் என்று நினைத்து மண்ணை எடுத்தால் ஆளைவிட உயரமாக எழும்புகிறது! தோண்டுவது என்ற செயலுக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது.

காலனிஷை மறுக்க வைத்தது வெளிச்சம். அங்கே தாழ்ந்த சூரியன் நாள் முழுவதும் நீண்ட நிழல் தருகிறது. கல்லின் அழகில் பாதி அந்த நிழல்தான். எங்கள் கேமின் நிலம் வெப்ப மண்டலம். உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டுவிடும். அந்தக் கற்களை இங்கே நட்டுப் பார்த்தேன். பகல் காட்சியில் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

கார்னாக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் 3000க்கும் மேற்பட்ட கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன; புனிதர் ஒருவர் துரத்தி வந்த ரோமானியப் படையைக் கல்லாக்கிவிட்டார் என்று ஊரில் கதை. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஒரு டஜன் கல் உருவங்கள் செய்து, திருப்பியும் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் போட்டால் மூவாயிரமும் வந்துவிடும், கணினிக்கும் பாரமில்லை. ஆனால் ஆட்டக்காரர் நடக்க மட்டுமே செய்வார். பத்து நிமிடம் பிரமிப்பு, பிறகு ஓட்டம்.

நம் பக்கத்து நாடுகளுக்கு வருவோம். லாவோஸின் ஜாடிச் சமவெளியை எங்கள் குழுவில் ஒருவர் மிகவும் விரும்பினார். ஆயிரக்கணக்கான ஆண்டு பழமையான, ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற கல் ஜாடிகள், இரண்டாயிரத்துக்கும் மேல். அரக்கர்கள் அரிசி மது காய்ச்சிய பாத்திரங்கள் என்று கதை. ஆய்வாளர்கள் ஈமச்சடங்கோடு தொடர்புபடுத்துகிறார்கள். 1964 முதல் 1973 வரை அந்த நாட்டின்மேல் விழுந்த குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் இருப்பதால், துப்புரவு செய்த பாதைகளில் மட்டும்தான் நடக்க வேண்டும். அந்த மண்ணில் பொருள் தேடித் தோண்டுகிற விளையாட்டை வைக்க எனக்குக் கை வரவில்லை.

பெங்கலான் கெம்பாஸ் அப்படியில்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், சிங்கப்பூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் அடக்கத்தலத்தில் 1467ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டும், பக்கத்திலேயே நெடுங்கற்களும் நிற்கின்றன. வாள், சுக்கான், கரண்டி என்று உருவத்தை வைத்து மூன்று கற்களுக்குப் பெயர். வாள் கல்லில் அல்லாஹ் என்ற சொல்லே புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்களை ‘பத்து ஹிடுப்’ என்பார்கள். உயிருள்ள கல் என்று பொருள். கல் மெல்ல வளர்கிறது என்ற நம்பிக்கை. எங்கள் குழுவின் மலாய் நண்பர் இதைச் சொன்ன அன்று இரவே நான் ஒரு சோதனை செய்தேன். ஆட்டக்காரர் ஒரு கல்லைப் பார்த்துவிட்டுப் போய் நெடுநேரம் கழித்துத் திரும்பும்போது அது விரற்கடை அளவு உயர்ந்திருக்கும். யாரும் அறிவிக்க மாட்டார்கள். கவனித்தவருக்கு மட்டும் முதுகு சிலிர்க்கும். ஆனால் அந்தக் கற்களின் உருவத்தை எடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அது வழிபடும் இடம். நம்பிக்கையை எடுத்துக்கொண்டு உருவத்தை விட்டுவிட்டோம்.

கடைசியாக வந்தது எனக்கு மிக அருகில் இருந்தது. என் அப்பாவின் ஊர் செங்கம் பக்கம். சிறு வயதில் விடுமுறைக்குப் போகும்போது ஏரிக்கரையில் எண்ணெய் பூசிக் கறுத்த ஒரு பலகைக்கல்லை ‘வேடியப்பன்’ என்று கும்பிடச் சொல்வார்கள். கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவேன். அது ஒரு நடுகல், அதில் வில் ஏந்தி நிற்பவர் ஒருநாள் உண்மையாகவே செத்த மனிதர் என்பது பெரியவளான பிறகு விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தில் படித்துத்தான் தெரிந்தது.

கேமுக்கு இது என்ன தருகிறது என்று பார்த்தபோது நான் திகைத்துப்போனேன். தொல்காப்பியம் கல் நடுவதை ஆறு கட்டமாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டமும் இந்த வரிசையையே காதைகளின் பெயராக வைத்துக்கொண்டு நடக்கிறது. கண்ணகிக்காகச் சேரன் இமயத்துக்குப் போய்க் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி வருகிறான். ஒரு முழுப் பயணம் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிக் கிடக்கிறது. மற்ற எல்லாக் கேமிலும் கல் ஏற்கெனவே நிற்கிறது, ஆட்டக்காரர் வந்து சேர்கிறார். இங்கே கல்லை நடுவதே ஆட்டக்காரரின் வேலை. கூட ஆடியவர் கதையில் செத்தால், மலைக்குப் போய், பொருத்தமான பாறையைத் தேடி, ஆற்றைக் கடந்து கொண்டுவந்து நட வேண்டும். ஸ்டோன்ஹெஞ்சில் நான் வியந்த அந்தக் கல் பயணமும் இதற்குள் வந்துவிடுகிறது.

அதைவிட ஆழமானது எழுத்து. பாலை வழியில் நிற்கும் நடுகற்களைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வழிப்போக்கர்கள் அம்பைத் தீட்டித் தீட்டி ஒரு கல்லின் பக்கம் தேய்ந்துவிடுகிறது. இன்னொன்றில் எழுத்தின் கோடுகள் மாய்ந்துபோனதால் அவ்வழி போகிறவர்கள் அதை வேறு பொருளாகப் படிக்கிறார்கள். வேறொரு பாட்டில் காட்டு யானை நடுகல்லை ஆள் என்று நினைத்து உதைக்கிறது. தேய்ந்த எழுத்தைத் தவறாகப் படிப்பது! மாதக்கணக்காக யோசித்தும் இப்படி ஓர் ஆட்ட விதி எங்களுக்குத் தோன்றியிருக்காது. ஒரு கல்லில் பாதி எழுத்து மட்டும் தெரிகிறது. ஆட்டக்காரர் ஊகித்து நிரப்புகிறார். ஊகம் தவறினால் கதவு மூடாது. ஊர் அந்தத் தவறான கதையையே நம்பத் தொடங்கும். காலையும் மாலையும் சாய்ந்த வெயிலில்தான் செதுக்கல் தெளிவாகத் தெரியும், உச்சிப் பொழுதில் மறைந்துவிடும். காலனிஷைத் தோற்கடித்த அதே வெப்ப மண்டல வெளிச்சம் இங்கே நம் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

எழுத்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் எவ்வளவு சொல்லும் என்பதற்குப் புலிமான்கோம்பை சாட்சி. தேனி மாவட்டத்தில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லில், கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனின் கல் என்ற அளவில்தான் செய்தி. ஆகோள் என்றால் மாடு கவர்தல். பெயர், ஊர், இறந்த காரணம், முடிந்தது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாய்க்குப் பெயர். திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. இதை எங்கள் குழுவில் சொன்னபோது யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

நடுகல்லுக்குக் குறை இல்லாமல் இல்லை. முதல் குறை உயரம். பெரும்பாலானவை இடுப்பளவு, நெஞ்சளவு. தூரத்திலிருந்து தெரியாது; புதர் மறைத்துவிடும். வழிகாட்டும் அடையாளத்துக்கு இதைவிட முந்தைய பெருங்கற்காலக் கற்களை நாடினேன். திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் கல்வட்டத்துக்குள் தோளை விரித்து நிற்கும் மனித உருவப் பலகைக்கல் 3 மீட்டரைத் தாண்டும். விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்தில் உள்ள அதே மாதிரிக் கல்லை ஊரார் விசிறிப் பாறை என்கிறார்கள். கிருஷ்ணகிரியின் மல்லச்சந்திரம் குன்றின் மேல் கல்திட்டைகள், அதாவது பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த ஈமச்சின்னங்கள், வீடுகளைப் போல் வரிசையாக நிற்கின்றன. தெலங்கானாவின் முடுமாலில் கிருஷ்ணா ஆற்றங்கரையில் உயரமான நெடுங்கற்கள் உள்ளன. குன்றின் மேல் திட்டை, ஆற்றுத்துறையில் நெடுங்கல், ஊர் எல்லையில் நடுகல் என்று அடுக்கினால், தூரத்துக்கு ஒன்று கிட்டத்துக்கு ஒன்று கிடைத்துவிடுகிறது. இந்தக் காலங்களை ஒன்றாகக் கலக்கலாமா என்று தொல்லியல் தெரிந்தவர் கேட்பார். நியாயம்தான். அதனால்தான் குன்றில் உள்ளவை மிகப் பழையவை, ஊருக்கே யார் கட்டினார்கள் என்று மறந்துபோனவை என்று கதையிலும் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது குறை உழைப்பு. கார்னாக்கில் 12 உருவம் போதும். நடுகல்லில் ஒவ்வொன்றும் ஓர் ஆள், ஒரு சாவு. நாற்பது கல் வேண்டுமென்றால் நாற்பது செதுக்கல். ஐந்து பலகை உருவங்களை மட்டும் முழுதாகச் செய்து, புடைப்புச் சிற்பத்தை மேலே ஒட்டும் தனிப் படலமாக வைப்பது என்று தீர்மானித்தோம். தேய்மானத்துக்கு ஒரே ஓர் அளவுகோல். அதைக் கூட்டினால் எழுத்து மங்கும், குறைத்தால் தெளியும். பாறையின் மேற்பரப்புக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. உபின் தீவில் மழைநீர் ஓடி ஓடி ஆழமான வரிப்பள்ளம் விழுந்த கருங்கற்கள் இருக்கின்றன. 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் கொடுத்த தீவு அது. புக்கிட் பாத்தோக்கில் பழைய கல்லுடைப்பு இடத்தில் தண்ணீருக்கு நடுவே நிற்கும் பாறையும் உதவும். மழை விட்ட உடனே போனால் நனைந்த கருங்கல்லின் நிறம் கிடைக்கும். நூற்றுக்கணக்கில் படம் எடுத்து முப்பரிமாணமாக மாற்றுவது என் வேலை.

மூன்றாவதைக் குறை என்று சொல்ல மாட்டேன், பொறுப்பு. நடுகல் இன்றும் தெய்வம். பகைவரைத் தடுத்துக் களிறெறிந்து விழுந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவி வணங்கும் கடவுள் தங்களுக்கு இல்லை என்று புறநானூற்றில் ஒரு புலவர் பாடியதை, வேடியப்பன் கோயிலுக்கு வருகிறவர்கள் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே எங்கள் கேமில் எந்தக் கல்லையும் உடைக்க முடியாது, ஏறி நிற்க முடியாது, அதன் அடியில் புதையல் கிடையாது. உண்மையில் செத்தவர்களின் பெயரையும் எழுத மாட்டோம்; பெயர்கள் எங்கள் கற்பனை, எழுதும் முறை மட்டும் பழையது. வட்டெழுத்தின் வளைவைத் தழுவிய ஓர் எழுத்தை உருவாக்குகிறேன். பள்ளிப் புத்தகத் தமிழ் எழுத்தைக் கல்லில் ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நாய்க்கு ஒரு கல் கட்டாயம் உண்டு. ஆட்டக்காரர் படிக்கப் போகும் முதல் கல் அதுதான்.

கிழக்கே முகத்துவாரத்தில் நிற்கப் போகும் கல்தான் இன்னும் முடிவாகவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் வாயில் அப்படி ஒரு கல் இருந்தது. ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், ஐம்பது வரி எழுத்து. 1819இல் காடு வெட்டியவர்கள் கண்டார்கள், 1843இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கலிங்கத்து மல்லனை வென்ற பாதாங் என்ற பலசாலி மலையிலிருந்து தூக்கி எறிந்த பாறை அதுதான் என்று மலாய்க் கதை சொல்லும். அதன் எழுத்தை இதுவரை யாரும் முழுதாகப் படித்துவிடவில்லை. நாற்பது கல்லைப் படிக்கக் கற்றுக்கொண்டு வரும் ஆட்டக்காரர் கடைசியில் உடைந்த ஒரு துண்டின் முன் நிற்க வேண்டும், படிக்க வழியே இருக்கக் கூடாது என்பது என் பக்கம். அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ஒரு சொல்லாவது புரிய வேண்டும் என்கிறார் கதை எழுதும் நண்பர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து அரும்பொருளகத்துக்குப் போய் அந்தத் துண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பேசுவதாக இருக்கிறோம்.